சோலை வரி கட்டினால் போதுமா, கணக்கும் கேட்க வேண்டாமா?



தரம் 10 குடியுரிமைக் கல்விப் பாடத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், சபையில மெம்பர்மாரே இல்லாத ரெண்டு வருஷமும் எங்க உம்மா சோலை வரி கட்டினாங்க. அந்தக் காச என்ன செய்றண்டு யாரு முடிவெடுத்த?"

அதிகாரிகள் என்று பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

நடந்ததை மறந்துவிட வேண்டாம். 2018 பெப்ரவரியில் நாம் தெரிவு செய்த சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அந்த மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தலுக்குப் பணம் இல்லை என்றார்கள். 2023 வரவு செலவுத் திட்டத்தில் தேர்தலுக்கென 10 பில்லியன் ரூபா ஒதுக்கிப் பாராளுமன்றம் அனுமதியும் கொடுத்திருந்தது. அந்தப் பணத்தைத் தடுக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவும் போட்டது. அப்படியும் தேர்தல் நடக்கவில்லை. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று 2024 ஆகஸ்ட் 22இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் வாக்களித்தது 2025 மே 6இல்.

நாடு வங்குரோத்தாகிக் கிடந்தது உண்மைதான். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. எரிபொருள் வரிசையில் நாமும் நின்றோம். ஆனால் காசு குறைந்த வீட்டில்தான் கணக்குப் பார்ப்பது கூட வேண்டும். அந்த நேரத்தில் கணக்குக் கேட்கக்கூடிய ஆட்களையே இல்லாமல் செய்தால் அது சிக்கனமாகுமா?

நமது கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம். அருவக்காலுவில் கொழும்புக் குப்பைக்கான இடம். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த நமது சகோதரர்களில் பெரும்பகுதியினரை அரவணைத்ததும் இந்த மாவட்டம்தான். இத்தனை சுமை உள்ள ஊரில் வடிகான், குப்பை, உள்வீதி, தெருவிளக்கு எல்லாம் சபையின் தலையில்தான். சபைக்கு உள்ள சொந்த வருமானமோ சோலை வரி, கடை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்றவைதான்.

இதில் நமக்கும் பங்குண்டு. வரியை நிலுவையில் போட்டுவிட்டு, குப்பை வண்டி வரவில்லை என்று முகநூலில் ஏசுகிறோம். சபைக் கடையைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, கூடிய வாடகைக்குக் கைமாற்றுபவர்கள் எந்த ஊரில் இல்லை? தவிசாளர் தெரிவு நடந்த நாளில் எத்தனை நேரலை, எத்தனை பட்டாசு! பட்ஜெட் வாசிக்கிற நாளில் பார்வையாளர் பகுதியில் எத்தனை பேர் இருப்போம்?

நான் சொல்வது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு வட்டாரத்திலும் நாலு பேர் சேர்ந்து, எந்தக் கட்சியாக இருந்தாலும், நமது உறுப்பினரிடம் மூன்று கேள்வி கேட்போம்.

1. போன வருடம் வந்த வருமானம் எவ்வளவு, நிலுவை எவ்வளவு?
2. சம்பளம் போக வேலைகளுக்கு மிஞ்சியது எவ்வளவு?
3. நமது வட்டாரத்தில் அது எந்த வேலைக்குப் போனது?

வாய்ப் பதில் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அதிகாரியிடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை.

பொதுப் பணம் அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அமானிதத்தைக் கொடுத்தவன் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், வைத்திருப்பவனுக்கும் அது மறந்துவிடும்.

அந்த மாணவனுக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. சபையின் கணக்கு அறிக்கையை வாங்கி வகுப்புக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் எழுதிவிட்டேன். யாராவது கூட வருகிறீர்களா?