பசலை விற்கிறவர்கள்

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். எம்.எஸ்ஸி. படித்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சென்ற மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். தரகர்தான் வந்தார். "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே தாயார் கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்துவிட்டாள்.

"மாமா, இதைப் பூசினால் நிறம் வருமாமே, நிஜமா?" என்று என்னைக் கேட்டாள் அந்தப் பெண்.

கணக்கு வாத்தியாரம்மா கேட்கிற கேள்வியா இது! எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது அல்ல.

சாதாரண வியாபாரி பசித்தவனுக்குச் சோறு விற்கிறான். விளம்பரக்காரன் முதலில் நமக்கு ஒரு குறையை உண்டாக்குகிறான். பிறகு அதற்கு மருந்து விற்கிறான்.

1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கடைக்கு வந்தது. ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று தகப்பன் பெருமூச்சு விடுகிறான், கேட்டுக் கலங்கிய மகள் களிம்பைப் பூசுகிறாள், நிறம் வருகிறது, விமானப் பணிப்பெண் வேலையும் வருகிறது! கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒரு கதையை நான் அனுப்பினால் எந்தப் பத்திரிகாசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். தொலைக்காட்சியோ அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகு, 2003-இல்தான் அது நின்றது. கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதி செய்ததோ 2014-இல்.

2020-இல் அமெரிக்காவில் ஒரு கறுப்பு மனிதரைப் போலீஸ்காரர் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்றார். உலகமே கொதித்தது. அதன் பிறகுதான் இங்கே களிம்பின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. நாற்பத்தைந்து வருஷம் நம் வீட்டுப் பெண்கள் கண்ணாடி முன் நின்று விட்ட கண்ணீருக்கு அசையாத பெயர் அது! சிவப்பு போய்ப் 'பொலிவு' வந்தது. டப்பா அதேதான்.

"ஜனங்கள் விரும்புவதைத்தானே விற்கிறோம்?" என்பார்கள் வியாபாரிகள். அதில் பாதி உண்மை உண்டு. மணமகள் தேவை விளம்பரத்தில் 'நல்ல நிறம்' கேட்டவர்கள் நாம்தான். ஆனால் வீட்டுக்குள் முணுமுணுத்த அற்பத்தனத்துக்குப் பாட்டும் படமும் சேர்த்து, அதை ஊரறிந்த நியாயமாக்கியவர்கள் அவர்கள்.

நம் சங்கப் புலவர்களுக்கு இந்த நோய் இல்லை. மாந்தளிர் போன்ற கருமை மினுங்கும் மேனியை 'மாமை' என்று கொண்டாடினார்கள். பிரிவுத் துயரில் பெண் வெளிறிப் போனால் அதைப் 'பசலை' என்றார்கள், அதற்காக இரங்கினார்கள். அந்தப் பசலையைத்தான் இன்று டியூபில் அடைத்து, அழகு என்று விற்கிறார்கள்!

இவ்வளவும் எழுதிவிட்டு என் நாவல்களைப் புரட்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழ நிறம், சந்தன நிறம், ரோஜா நிறம்... கறுத்த பெண் என் கதைகளில் தோழியாக வந்திருக்கிறாள், வேலைக்காரியாக வந்திருக்கிறாள். கதாநாயகியாக ஒரு தடவைகூட வரவில்லை. விளம்பரக்காரன் விதைத்தான் என்றால், நிலத்தை உழுது கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம், "வராது அம்மா, வரவும் வேண்டாம்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. என் புத்தகங்களைப் படித்தவள் ஆயிற்றே, எப்படி நம்புவாள்?

அடுத்த நாவலின் கதாநாயகி ஒரு கணக்கு வாத்தியாரம்மா. கறுப்பு என்று முதல் பக்கத்திலேயே எழுதப் போகிறேன். கடைசிப் பக்கம் வரை அவள் நிறம் மாறாது.