மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு அரிசி, கோதுமை, சர்க்கரை முதலிய மாவுச்சத்துப் பதார்த்தங்களைக் குறைத்தோ அறவே விலக்கியோ உண்ணும் முறை, பேலியோ என்றும் கீட்டோ என்றும் பல பெயர்களில் வழங்கி, நகரத்து உத்தியோகஸ்தர் முதல் சிற்றூர்க் கடைக்காரர் வரை தமிழ்நாட்டில் பலரை ஆட்கொண்டிருப்பதையும், அதைக் குறித்து எங்கள் அங்கத்தினரிடம் வினவுவோர் நாளுக்கு நாள் பெருகி வருவதையும் கருதி, பொது மருத்துவர்களும் உணவியல் நிபுணர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம் இவ்விஷயத்தில் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது தன் கடமை என்று எண்ணுகிறது. இம்முறையைச் சர்வரோக நிவாரணி என்று கொண்டாடுவோரும், சோற்றை விட்டவன் உருப்படமாட்டான் என்று சபிப்போரும் ஒரே வீட்டில் எதிரெதிரே அமர்ந்து உண்ணும் காலம் இது. இருவருக்கும் இந்த அறிக்கையில் கொஞ்சம் மனக்குறை ஏற்படலாம்.

எடை மிகுந்த தமிழர் பெரும்பாலோர்க்கு மாவுச்சத்தைக் குறைப்பது தகுந்த வழியே என்றும், எவ்வளவு குறைப்பது என்பதை முதல் மாதத்தில் இறங்கும் கிலோக் கணக்கைக் கொண்டு தீர்மானிக்காமல், இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே வீட்டில், அதே அடுக்களையில், அதே வருமானத்தில் ஒருவரால் எந்த அளவில் நிலைத்து நிற்க இயலுமோ அதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றும் சங்கம் கருதுகிறது. அந்த அளவு பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு 100 முதல் 130 கிராம் வரையில் அமையும் என்பது எங்கள் மதிப்பீடு. 50 கிராமுக்கும் கீழே இறங்கும் கீட்டோ முறையை நாங்கள் நிந்திக்கவில்லை. மருத்துவர் மேற்பார்வையின்றி ஒருவர் தாமாகவே அதைத் தொடங்குவதை ஆதரிக்கவுமில்லை.

இம்முறை நேற்று முளைத்ததன்று. லண்டன் மாநகரில் சவ அடக்கத் தொழில் நடத்தி வந்த வில்லியம் பேண்டிங் என்பவர், 202 பவுண்டு எடையோடு செவியும் மந்தப்பட்டு, வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரை நாடி, அவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி, ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்து, அந்த அநுபவத்தை 1863-ல் ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், காக்காய் வலிப்புக்குச் சிகிச்சையாகக் கீட்டோ உணவை எடுத்துரைத்தார். 1972-ல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் அதே நெறியை எடைக்குறைப்பின் பொருட்டு வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆகவே ஆதிமனிதன் உணவு என்றோ, மேனாட்டார் சதி என்றோ இதற்குப் புராணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பரிசோதனைகள் என்ன சொல்லுகின்றன என்பதைப் பார்ப்போம். 2005-ல் பாஸ்டன் நகரில் 160 பேரை நான்கு பிரிவாக்கி நான்கு வெவ்வேறு உணவு முறைகளைப் பின்பற்றச் செய்து பார்த்ததில், எந்த முறையைக் கைக்கொண்டார் என்பதைவிட, கைக்கொண்டதை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்பதே ஒருவர் இழந்த எடையைத் தீர்மானித்தது. கடுமையான முறைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டு முடியுமுன் விலகியும் விட்டனர். 2008-ல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், இரண்டாண்டு முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தோர் சராசரியாக 4.7 கிலோவும் கொழுப்பைக் குறைத்தோர் 2.9 கிலோவும் இழந்தனர். 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோதோ, அந்த வித்தியாசமும் சுருங்கி, முன்னவர் 6 கிலோ, பின்னவர் 5.3 கிலோ என்று ஏறக்குறையச் சமமாகவே நின்றனர். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் இழந்தோரும் இருந்தனர். எடை ஏறியோரும் இருந்தனர்.

சராசரியில் இவ்வளவு அற்ப வித்தியாசமே உண்டென்றால், சங்கம் ஏன் மாவுச்சத்தின் பக்கமாக விரலை நீட்டுகிறது என்று வாசகர் கேட்பது நியாயமே. அந்த ஆய்வுகளில் பங்கு கொண்டோர் உண்ட உணவு வேறு, நாம் உண்ணும் உணவு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர் பெறும் சக்தியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதந்தான். அதே ஆய்வு வரிசை 2023-ல் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. குறைப்பதற்கு நம்மிடம் மிகுதியாக இருப்பது எதுவோ அதைக் குறைக்கச் சொல்லுகிறோம், அவ்வளவே.

நம் உணவைச் சற்று அருகிருந்து பார்ப்போம். காலையில் நான்கு இட்லி. அதில் மாவுச்சத்து நாற்பது கிராமுக்குக் குறையாது. நண்பகலில் இலையில் முதற்சோறு சாம்பாருக்கு, இரண்டாம் சோறு ரசத்துக்கு, மூன்றாம் சோறு மோருக்கு. வெந்த சோறு நூறு கிராமில் 28 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில், மூன்று முறையும் சேர்ந்து அரைக் கிலோ சோறு உள்ளே போனால் 140 கிராம் அங்கேயே முடிந்தது. உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் இக்கணக்கில் சேரவில்லை. மாலையில் இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட காபியோடு பிஸ்கட்டு. இரவில் மூன்று தோசை. நாள் முடிவில் முந்நூறு கிராமை எட்டிவிடும் இந்தப் போஜனத்தில் பொரியல் ஒரு கைப்பிடி, பருப்பு சாம்பாரின் அடியில் தேடிக் கண்டெடுக்க வேண்டிய அளவு. உழவு நடத்தியும் மூட்டை சுமந்தும் பொழுது போக்கிய சரீரத்துக்கு இது தகும். நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் சரீரத்துக்குத் தகாது.

ஆகையால் முதற்படியாக நாங்கள் சொல்லுவது மிக எளிது. நண்பகலில் சோறு ஒருமுறை மட்டும், சாம்பாருக்கோ குழம்புக்கோ; ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். அந்த இடத்தைக் கீரை, கோவைக்காய், புடலங்காய், பீன்ஸ், முட்டைகோஸ் போன்றவற்றில் இரண்டு பெரிய கரண்டியும், முட்டையோ மீனோ கோழியோ, சைவராயின் பனீர், சோயா, கெட்டித்தயிர் இவற்றில் ஒன்றும் நிரப்பட்டும். சர்க்கரையும் மைதாவும் முற்றிலும் போகலாம்; அவற்றுக்காக வாதாட எவரும் எங்களிடம் வந்ததில்லை. சுண்டலும் பருப்பும் புரதம் உடையனவே ஆயினும் பாதிக்கு மேல் மாவுச்சத்தும் உடையன என்பதால் அளவு வேண்டும். சோற்றை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் போதும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. தினையிலும் சாமையிலும் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மையே. ஆனால் நூறு கிராம் தானியத்தில் அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து அவற்றிலும் உண்டு. இரவில் சப்பாத்திக்கு மாறியவரும் எத்தனை சப்பாத்தி என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அமாவாசையன்று சோறு உண்ணாமல் விரதம் காத்து, பலகாரம் என்ற பெயரில் அதே அரிசியைத் தோசையாக்கி ஆறு உண்ணும் சாமர்த்தியம் நம்மவர்க்குப் புதிதன்று.

தொடங்கிய முதல் வாரத்தில் எடை இரண்டு கிலோ வரை இறங்குவதைக் கண்டு பூரிப்போர் பலர். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற உருவில் சேமித்துள்ள மாவுச்சத்து செலவாகும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த சுமார் மூன்று கிராம் நீரும் வெளியேறுகிறது. அந்த முதல் இறக்கத்தில் பெரும்பகுதி இந்த நீரே, கொழுப்பு அல்ல. நீரோடு உப்பும் போவதால் தலைவலி, சோர்வு, காலில் தசைப்பிடிப்பு, மலச்சிக்கல் ஆகியன சிலர்க்கு இரண்டொரு வாரம் தொல்லை தரும். நான்காவது ஐந்தாவது வாரத்தில் தராசு முள் அசையாமல் நிற்கும்போது, முறையே பொய் என்று பலர் வெறுத்து விட்டுவிடுவதும், முன்பு பூரித்த அதே நீர்க்கணக்கினால்தான். தினந்தோறும் எடை பார்ப்பதைச் சங்கம் சிபாரிசு செய்யவில்லை. வாரம் ஒருமுறை போதும். அதோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து வருக: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மவர்க்கு ஏற்ற வரம்பு.

தொடங்குவதில் இவ்வளவே கஷ்டம். நிலைத்து நிற்பதில்தான் நூற்றுக்கு எண்பது பங்கு சிரமமும் இருக்கிறது என்பது எங்கள் அங்கத்தினர் பலர் நோயாளிகளோடு பழகிக் கண்ட அநுபவம். அந்தச் சிரமத்துக்கு மனவுறுதிக் குறைவு என்று பெயர் சூட்டி, தோற்றவர் தலையிலேயே பழியைச் சுமத்திவிடுவது பொதுவான வழக்கம். நாங்கள் அதை ஏற்கவில்லை. ஒருவர் மட்டும் தனித் தட்டில் வேறு உணவு உண்ண, மற்றையோர் அவர் எதிரிலேயே பூரியும் கிழங்கும் உண்ணும் வீட்டில் எந்த உறுதியும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்குவது அரிது. இரண்டு சமையல் செய்யும் பெண்ணின் கைக்கும் அது அநியாயம். அந்தப் பெண்ணே எடை குறைக்க வேண்டியவளாயின் நிலைமை இன்னும் மோசம்: எல்லாரும் உண்டெழுந்த பின், மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனமின்றி மோர் ஊற்றிப் பிசைந்து உண்பவள் அவளே. இதற்குச் சட்டியில் குறைவாக வடிப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. வீடு முழுவதும் ஒரே பொரியலும் ஒரே குழம்பும் உண்டு, வளரும் பிள்ளைகள் சோறு கூடுதலாகவும் பெரியவர்கள் குறைவாகவும் இட்டுக்கொள்ளும் ஏற்பாடே நீடிக்கும் என்பது எங்கள் திடமான கருத்து.

கல்யாணப் பந்தியும் பொங்கலும் தீபாவளியும் ஆண்டுதோறும் வரும். வராமல் இருக்கவும் கூடாது. "கொஞ்சமாவது போட்டுக்கோங்க, எனக்காக" என்று இலையருகே நிற்கும் சித்தியின் அன்பை மறுத்துப் பகை தேடிக்கொள்ளும்படி நாங்கள் எவரையும் தூண்டவில்லை. அன்று உண்டதற்காக மறுநாள் பட்டினி கிடப்பதும், போனது போயிற்று, திங்கட்கிழமை முதல் பார்க்கலாம் என்று நடுவில் நான்கு நாளை வீணாக்கிவிடுவதும் இரண்டுமே கேடு. அடுத்த வேளை உணவிலேயே பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடுவதுதான் பல ஆண்டுகள் நிலைத்தவர்களிடம் எங்கள் அங்கத்தினர் கண்ட பழக்கம்.

செலவைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது. பாதாமும் வெண்ணெயும் பனீருமாக விரியும் பட்டியல்கள் கூலிவேலை செய்யும் குடும்பத்தை எட்டுவதில்லை. வேர்க்கடலையும் முட்டையும் மத்தி மீனும் அதே பணியைக் குறைந்த விலையில் செய்யும். ஆனால் ஒரு விஷயத்தை நன்கு கவனிக்க வேண்டும். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்து ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். துவரம் பருப்போ கிலோ 30 ரூபாய் விலைக்கு அட்டைக்கு ஒரு கிலோவே. சோற்றைக் குறைத்தால் ஏழை வீட்டில் மிச்சமாகும் காசு ஏதுமில்லை. கூட்டிய முட்டைக்கு மட்டும் புதிதாகக் காசு வேண்டும். ஏழை வீட்டுப் பசியைத் தணிக்கும் அந்த அரிசியை நாங்கள் குறை கூறவில்லை. எனினும் பருப்பின் அளவை உயர்த்துவதும், கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறுகளைச் சேர்ப்பதும் அரசின் கவனத்துக்குரியவை என்று கேட்டுக்கொள்கிறோம்.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சிலர்க்கு இம்முறையில், முக்கியமாக வெண்ணெயும் நெய்யும் மிகுந்தால், வெகுவாக ஏறுகிறது. தொடங்குமுன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ஏறிய எண்ணைப் பார்த்தும், அது ஒன்றும் செய்யாது என்று ஆறுதல் கூறும் உபதேசிகளை நம்ப வேண்டாம். கீட்டோ பிஸ்கட்டு, கீட்டோ மாவு என்று உயர்ந்த விலைக்கு விற்பனவற்றில் எங்களுக்குச் சிறிதும் மதிப்பில்லை. மருத்துவப் பயிற்சி இன்றியே நீரிழிவு மாத்திரையை இன்றே நிறுத்துங்கள் என்று பிறர்க்கு ஆணையிடுவோரைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், குழந்தைகளும், சிறுநீரகக் கோளாறு உடையோரும், முதல் வகை நீரிழிவு உடையோரும் இம்முறையைத் தாமாக மேற்கொள்ளலாகாது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்போரும் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்போர்க்கு, இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கு ஆபத்து நேரலாம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவும் எடை இறங்க இறங்கக் குறைக்க வேண்டியதாகலாம். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் அது ஓர் அறிகுறி. ஆதலால் இம்மருந்துகளில் எதையேனும் உண்டு வருவோர், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு தம் மருத்துவரிடம் சென்று, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டறிந்த பின்னரே முதல் வேளைச் சோற்றைக் குறைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.