வயதுத் தடை நீங்கியது, பணத் தடை?

புதுடெல்லி: நடுத்தர வயதில் மருத்துவம் பயில விரும்புவோருக்கு இன்று சட்டத்தின் தடை இல்லை. பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என 2018இல் 'நீட்' தேர்வுக்கு விதிக்கப்பட்ட வயது வரம்பை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. எனினும், வரம்பைக் கடந்தோரும் தேர்வெழுத, இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அனுமதித்தது. 2022இல் வரம்பே நீக்கப்பட்டது.

பயிற்சியையும் சேர்த்துப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். 45 வயதில் சேர்பவர் 50ஐக் கடந்தே மருத்துவராவார். குறைந்த காலமே பணியாற்றக்கூடியவருக்கு அரசுக் கல்லூரி இடம் தரலாமா என்பர் சிலர். இளம் வயதில் பட்டம் பெற்று வெளிநாடு செல்வோரையும் அதே அளவுகோலால் அளப்பதே நியாயம்.

ஊதியத்தை இழந்து, தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் சுமக்க இயலாதோருக்குக் கதவு இன்னும் பாதியே திறந்துள்ளது.