நிழலோடு நகரும் நாற்காலி



எங்கள் அலுவலக வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. காலையில் கேட்டை ஒட்டி இருக்கும். பதினொரு மணிக்கு மீட்டர் பெட்டிக்குக் கீழே போகும். மதியம் இரண்டு மணிக்கு மாடிப்படிக்கு அடியில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில். நிழல் போகிற பக்கமெல்லாம் அதுவும் போகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றித் தலையங்கம் எழுதும் நான், போன வாரம்தான் இதைக் கவனித்தேன்.

களைத்தவருக்கென வழியோரம் வைத்த சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒன்று. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தார்கள். தலைச்சுமைக்காரர் பிறத்தியார் கை படாமல் சுமையை இறக்கி, திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம் அதற்கு. சுமந்தவர் யாரோ சொல்லித்தான் அந்த அளவு வந்திருக்க வேண்டும்.

இன்று ஓய்வுக்கான சட்டத்துக்குக் குறைவில்லை. 150 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஓய்வறை வேண்டும் என்று 1948-லேயே எழுதிவைத்தார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்தது. (அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போனால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால், அதன்மேல் துணிக்கட்டு இருக்கிறதா என்றும்.)

ஆனால் தூத்துக்குடி உப்பளத்துக்குச் சுவர் ஏது? விடியுமுன் இறங்கினாலும், வெயில் ஏறினால் தலைக்கு மேலிருந்தும் அடிக்கும், காலடி உப்பிலிருந்தும் அடிக்கும். ஒதுங்க மரமில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அங்கே பந்தலும் பானையும் மட்டும் வைத்து என்ன பயன்?

சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் உணவு, பார்சல் கொண்டுசெல்லும் ஊழியர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. உள்ளே கழிப்பறையும் செல்போன் சார்ஜ் போடும் வசதியும் உண்டு. போன் அணைந்தால் அன்றைய கூலியும் அணையும் என்பது தெரிந்தவர்கள் செய்த வேலை.

பெரியவருக்கு ஒரு கூரை போட முடிவுசெய்து, பின்பக்கம் வேப்பமரத்தடியைக் காட்டினேன். "அங்க உக்காந்தா கேட்ல யாரு வர்றாங்கன்னு எப்படிங்க தெரியும்? இங்கேயே போடுங்க. கொஞ்சம் அகலமாப் போட்டா, பார்சல் கொண்டுவர்ற பசங்களும் ஒதுங்கிக்குவாங்க" என்றார்.

தச்சர் திங்கட்கிழமை வருகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்