ஸ்தானிகர் யாருடைய ஆள்?

ஒரு நாட்டின் ஸ்தானிகரை அயல்நாட்டுப் போலீஸ் கைது செய்ய முடியாது. அவர் மாளிகைக்குள் அவர் சம்மதமின்றி நுழையவும் முடியாது. இந்தச் சலுகை அவருடைய சொந்த சுகத்துக்கல்ல. தன் நாட்டின் பிரதிநிதியாக அவர் செய்யும் வேலைக்கு என்கிறது சட்டம். தூதனைக் கொல்லலாகாது என்பது பழைய நீதி. திருவள்ளுவரும் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆனால் அந்தக் காலத் தூதர் போனார், சொன்னார், திரும்பினார். அயல்நாட்டிலேயே வீடு பிடித்துத் தங்கும் ஸ்தானிகர் 15-ம் நூற்றாண்டில் இத்தாலிய நகர ராஜ்யங்களில் பெருகியவர்.

தங்கியிருப்பவர் யாருக்காகத் தங்கியிருக்கிறார்? அதல்லவா கேள்வி!

1615-ல் சர் தாமஸ் ரோ சூரத்தில் வந்திறங்கினார். ஜஹாங்கீர் தர்பாரில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஸ்தானிகர் என்று தலைநிமிர்ந்து நின்றார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? ராஜா அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி! அவர் கேட்டதும் கம்பெனிக்கு வியாபார உரிமைதான். பின்னால் நடந்ததை நமது பாட்டன்மார் அனுபவித்தார்கள்.

மூன்று நூற்றாண்டு கழிந்தும் இந்த வித்தை மாறவில்லை. மத்திய அமெரிக்காவிலுள்ள சின்னஞ்சிறு குவாதமாலாவைப் பாருங்கள். அங்கே பெரும் நிலச்சுவான்தாராக இருந்தது ஓர் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி. பெயர் யுனைடெட் புரூட். ரயிலும் துறைமுகமும்கூட அதன் பிடியில் இருந்தன. மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அர்பென்ஸ் 1952 ஜூனில் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளில் பயிரிடாமல் தரிசாகக் கிடந்த நிலம் எடுக்கப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விவசாயக் குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது.

சும்மா பிடுங்கவில்லை, நஷ்டஈடு உண்டு. எந்தக் கணக்கில்? வரி கட்டுவதற்காக உடைமையாளரே எழுதிக்கொடுத்த மதிப்பில்! வரியைக் குறைக்கக் குறைத்து எழுதிய கம்பெனிக்கு சுமார் 6 லட்சம் டாலர்தான் வந்தது. 1 கோடியே 58 லட்சம் டாலர் கொடு என்று கேட்டது, கம்பெனி அல்ல, அமெரிக்க சர்க்கார்! அதன் வெளிநாட்டு மந்திரி டல்லஸ் முன்பு இருந்த வக்கீல் ஸ்தாபனத்துக்கு இந்தக் கம்பெனி கட்சிக்காரர். அவருடைய தம்பிதான் உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வின் தலைவர். பொருத்தம் எப்படி!

1953 அக்டோபரில் ஜான் பியூரிபாய் ஸ்தானிகராக வந்தார். அந்நாட்டு மக்களின் ஸ்பானிய மொழி அவருக்குத் தெரியாது. அதற்கு அவசியமும் இல்லை போலும். டிசம்பரில் அர்பென்ஸுடன் ஆறு மணி நேரம் விருந்துண்டு பேசினார். பிறகு வாஷிங்டனுக்கு எழுதினார்: இவர் கம்யூனிஸ்டு இல்லையென்றாலும், ஒருவர் வந்து சேரும்வரை இவரே போதும் என்று!

1954 ஜூன் 18-ல், சி.ஐ.ஏ. ஆயுதமும் பணமும் கொடுத்து வளர்த்த காஸ்தில்யோ அர்மாஸ் கூலிப்படையுடன் எல்லை தாண்டினார். இது சி.ஐ.ஏ.வின் வேலை என்பதை 1997-ல் அது வெளியிட்ட தஸ்தாவேஜுகளே காட்டின. ஜூன் 27-ல் அர்பென்ஸ் விலகினார். அவருக்குப் பின் வந்த ராணுவத் தளபதி, கூலிப்படையுடன் போரிடுவேன் என்றதும், ஸ்தானிகருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாளில் அவரும் போனார். ஜூலை 2-ல் பக்கத்து நாட்டுத் தலைநகர் சான் சால்வதோரில், கோஷ்டிகளை உட்காரவைத்து ஒப்பந்தம் முடித்தவரும் இதே பியூரிபாய்தான். அந்நாட்டு ஜனாதிபதி யாரென்று அந்நாட்டு மக்களைக் கேட்பாரில்லை.

ஏழு வருஷம் கழித்து, 1961-ல், வியன்னாவில் சர்வதேச ஒப்பந்தம் எழுதினார்கள். ஸ்தானிகர் தாம் இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது என்கிறது 41-வது ஷரத்து. அமெரிக்காவும் கையெழுத்திட்டது!

எல்லா ஸ்தானிகர் மாளிகையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அர்பென்ஸும் அவருடன் நூற்றுக்கணக்கானோரும் மெக்சிகோ ஸ்தானிகர் மாளிகையில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். செப்டம்பரில் அவர் நாடு கடந்தபோது, விமான நிலையத்தில் உடைகளைக் களைந்து சோதனையிட்டு அவமானப்படுத்தியது புதிய சர்க்கார்.

பியூரிபாய் அந்த ஆண்டே தாய்லாந்துக்கு ஸ்தானிகராக மாற்றப்பட்டார். நிலச் சட்டம் ரத்தாயிற்று. நிலம் பெற்ற விவசாயிகளை விரட்டிவிட்டு, பண்ணைக்காரர்களும் கம்பெனியும் மறுபடி வேலியடைத்துக்கொண்டார்கள்.