சோலையின் நீர்க்கணக்கும் ஏரியின் நீர்க்கணக்கும்

மழை குறைந்த தேசத்தில்தான் தண்ணீர்ப் பஞ்சம் உண்டாகும் என்பது பலருடைய எண்ணம். மழையளவுகளை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பது விளங்கும். சீன நாட்டின் மேற்கெல்லைப் பாலைவனத்திலுள்ள துருபான் பள்ளத்தாக்கில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சுமார் 16 மில்லிமீட்டர். உஸ்பெக்கிஸ்தானத்தில் கீவா நகரைச் சூழ்ந்த கொரேசம் நாட்டில் 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. கடலூர் ஜில்லாவிலோ சராசரியாக 1,200 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. அதாவது ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஆண்டுதோறும் விழும் நீர் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். அப்படியிருந்தும், துருபானில் திராட்சைக் கொடி பல நூறு ஆண்டுகளாகப் பசுமையாய்ப் படர்ந்து வந்திருக்க, ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்துப் புன்செய்க் குடியானவர் சித்திரை மாதத்தில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஐம்பது அடி இறக்கலாமா என்று யோசனை செய்கிறார். இதற்குக் காரணம் வானத்தில் இல்லை. விழுந்த நீரைத் தேக்கிக் கணக்கிட்டுப் பங்கிடும் முறையில் இருக்கிறது. இதனை விளங்கிக்கொள்ள அந்தப் பாலைவனச் சோலைகளின் வரலாறு பெரிதும் பயன்படும்.

கொரேசம் நாட்டிற்கு உயிர் அளிப்பது ஆமு தாரியா என்னும் ஆறு. அவ்வாற்றிலிருந்து பெருங்கால்வாய்களும், அவற்றினின்று அரிக் எனப்படும் சிறு வாய்க்கால்களும் பிரிந்து ஒவ்வொரு தோட்டத்தையும் எட்டும். நீர்மட்டம் தாழ்ந்த இடங்களில் சிகிர் என்னும் சக்கரத்தை ஒட்டகமோ மாடோ சுற்ற, அதில் கட்டிய மண்கலயங்கள் நீரை மேலே ஏற்றின. தமிழ்நாட்டுக் கவலை ஏற்றத்தின் உறவினன் என்றே அச்சக்கரத்தைச் சொல்லலாம். துருபானிலோ அத்தகைய பேராறு இல்லை. மலையடிவாரத்து நிலத்தடி நீரைக் காரெஸ் எனப்படும் சுரங்க வாய்க்கால் வழியாக, வெயில் பட்டு ஆவியாகாதவாறு, பூமிக்கடியிலேயே நடத்திக்கொண்டு வந்து ஊரருகில் வெளிவிட்டார்கள். அதனை இறைப்பதற்கு மாடும் வேண்டியதில்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. நிலத்தின் சரிவே அதனைக் கொண்டு சேர்த்தது.

இவ்வாறு வந்த சொற்ப நீரை அவர்கள் செலவிட்ட விதமும் கவனிக்கத்தக்கது. வாய்க்காற் கரையில் பாப்ளார் மரங்களும் முசுக்கட்டை மரங்களும் வரிசையாக நிற்கும். இவை அனல் காற்றைத் தடுக்கும். வீட்டுக்கு உத்தரமும் பட்டுப்புழுவுக்கு இலையும் தரும். மதிற்சுவருக்குள் சர்க்கரை பாதாமி முதலிய பழமரங்கள். அவற்றின் நிழலில் குதிரை மசால் தீவனம். வெளி வயலில் கோதுமையும் முலாம்பழமும். குதிரை மசால் மாட்டுக்கு உணவாவதோடு நிலத்துக்குத் தழைச்சத்தையும் சேர்த்தது. வாய்க்காலில் தூர்வாரிய வண்டலும், இடிந்த பழைய சுவர்களின் மண்ணும் வயலுக்கு எருவாயின. ஒரே நீர் மரத்துக்கும் கொடிக்கும் தீவனத்துக்கும் முறையே உதவிற்று.

எனினும், சோலையைக் காத்தது வாய்க்காலும் சக்கரமும் மாத்திரம் அல்ல. மிராப் என்று ஓர் அதிகாரி அங்கு உண்டு. அப்பெயருக்கு நீர்த்தலைவன் என்று பொருள். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாழிகை நீர், எந்தத் தோட்டத்துக்கு எந்த முறை என்பதை அவரே தீர்மானிப்பார். ஆண்டுதோறும் பாசனம் தொடங்குமுன் நீர்பெறும் குடிகள் யாவரும் கூடித் தூர்வார வேண்டும். கால்வாயில் பங்கு பெற்றவனுக்கு மண்வெட்டியிலும் பங்கு உண்டு என்பதே அம்முறையின் ஆதாரம்.

இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் புதுமுறை விவசாயம் புகுந்தது. சோவியத் ஆட்சியில் பருத்தி ஒன்றே பிரதானப் பயிராக்கப்பட்டது. 1954-இல் தொடங்கிய காராகும் கால்வாய் முதலியவை ஆமு தாரியாவின் நீரைப் பாலைவனத்தின் நடுவே கொண்டு சென்றன. டிராக்டரும் இயந்திர இறைவையும் இரசாயன உரமும் வந்தன. விளைச்சல் பெருகியது என்பதும் மெய்யே. ஆனால் அவ்வாறு விழும் ஏரல் கடல் 1960-ஐ ஒட்டி சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் உலகின் பெரிய உள்நாட்டு நீர்ப்பரப்புகளுள் நான்காவதாக விளங்கியது. 2007-க்குள் அதன் பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. மீன்பிடிப் படகுகள் மணலில் நின்றன. வடிகாலின்றிப் பாய்ச்சிய வயல்களில் உப்புப் பூத்தது. அவ்வுப்பைக் கழுவுவதற்கென்றே கொரேசத்துக் குடிகள் விதைப்புக்கு முன் வயலில் மேலும் நீரை நிறுத்துகிறார்கள். நீரால் வந்த கேட்டை நீக்க மீண்டும் நீரையே செலவிட வேண்டிய நிலைமை இது.

துருபானில் நேர்ந்தது இவ்வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான பாடம். 1950-களில் அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட காரெஸ்கள் ஓடின. பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஒவ்வொரு கிணறும் தன் உடையவனுக்கு வேண்டிய நீரை வேண்டிய வேளையில் தந்தது. ஆனால் எல்லாக் கிணறுகளும் சேர்ந்து நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தவே, சுரங்க வாய்க்கால்களில் பெரும்பாலானவை வறண்டு சில நூறாகக் குறைந்தன. காரெஸ் தன் ஊற்றுக்கு மேல் ஒரு துளியும் எடுக்க இயலாதது; குழாய்க் கிணற்றுக்கு அத்தகைய வரம்பு இல்லை. வரம்பற்ற கருவியைக் கைக்கொள்பவர் வரம்பைத் தாமே விதித்துக்கொள்ளாவிடில் முடிவு இவ்வாறே ஆகும்.

இனி ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தை நோக்குவோர்க்கு ஒற்றுமை எளிதில் புலப்படும். வெள்ளாற்றுக்குத் தெற்கே அமைந்த இப்பகுதியில் ஏரிப்பாசன நன்செய்களும் செம்மண் மேட்டு நிலங்களும் அடுத்தடுத்து உள்ளன. கிழக்கே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பத்தாம் நூற்றாண்டில் அமைந்த வீராணம் ஏரி இன்றும் நெல்வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் சென்னை மாநகருக்குக் குடிநீரும் அளிக்கிறது. ஏரி வெட்டிய அதே அரசன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியை வெட்டுவது ஒரு வேலை, அதனை ஆண்டுதோறும் பேணுவது வேறொரு வேலை, இரண்டாவதற்கு ஊரார் பொறுப்பு வேண்டும் என்பதைப் பண்டைக் காலத்தார் உணர்ந்திருந்தனர். கொரேசத்து மிராபுக்கு ஒப்பாகத் தமிழ்நாட்டில் நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையர் என ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயருடன் ஒரு பணியாளர் இருந்தார். மதகைத் திறப்பதும் அடைப்பதும், கடைமடை வரை முறை வைத்து விடுவதும், மழையிரவில் கரையைக் காவல் செய்வதும் அவர் கடமை. களத்துமேட்டில் நெல்லாக அவருக்குக் கூலி அளக்கப்பட்டது. தூர்வாருதலும் வரத்து வாய்க்கால் செப்பனிடுதலும் குடிமராமத்து எனப்பட்டன.

இம்முறை தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. கவலை போய் மின்சார மோட்டார் வந்தது. 1990-ஐ ஒட்டி உழவுக்கு மின்சாரம் கட்டணமின்றியே கிடைத்தது. சொந்தக் கிணற்றில் நீர் இருக்கும்போது மதகு பழுதானால் என்ன என்ற அலட்சியம் மிராசுதார்களிடையே தோன்றிற்று. வரத்து வாய்க்கால்கள் சுருங்கின, ஏரி உட்பரப்பில் வரப்புகள் எழுந்தன, கருவேலம் அடர்ந்தது. தமிழ்நாட்டிலுள்ள சுமார் 39,000 ஏரிகளில் பலவற்றின் கதை இதுவே.

இங்கே எழக்கூடிய ஆட்சேபணை ஒன்று உண்டு. தன் நிலம், தன் கிணறு, தன் பணம். இதில் ஊருக்கு என்ன பாத்தியம் என்று கிணற்றுக்குடையவர் கேட்கலாம். ஏரிக்குக் கீழுள்ள கிணறு ஏரியின் ஊறல் நீரால் பெரிதும் ஊறுகிறது என்பதே இதற்கு விடை. ஏரி நிரம்பிய ஆண்டில் தை, மாசி வரை கிணறு வற்றாதிருப்பதையும், ஏரி நிரம்பாத ஆண்டில் பொங்கலுக்குள்ளேயே மோட்டார் காற்றை இழுப்பதையும் அவரே கண்டிருப்பார். கிணற்றின் சுவர் அவருடையது. அதில் ஊறும் நீர் ஊர் ஏரியுடையது. ஆதலால் ஏரி மராமத்தில் மதகுப் பாசனம் பெறுவோருக்கு உள்ள பொறுப்பு கிணற்றுப் பாசனக்காரருக்கும் உண்டு. உண்மையில், அதிக நாள் நீர் எடுப்பவர் அவராதலின், பொறுப்பும் சற்று அதிகமே.

பழைய முறை குற்றமற்றது என்று கூறுவதும் பொருந்தாது. தலைமடைக்காரர் செல்வாக்கினால் கடைமடை காய்ந்ததுண்டு. நீர்க்கட்டியாக உழைத்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள். அவர்கள் உழைப்புக்கேற்ற மதிப்பும் ஊதியமும் பெற்றாரில்லை. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் அபாய காலத்தில் ஊராரை வேலைக்குக் கட்டாயப்படுத்தியது; அச்சுமை யார் தோள்மீது விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, குடிமராமத்தை மீண்டும் உயிர்ப்பிப்போர் அதன் பொறுப்பை எடுத்துக்கொண்டு அதன் கொடுமையை விட்டுவிட வேண்டும். நிலமுடையவர் நிலத்தின் அளவுக்கேற்பப் பணமாகக் கொடுக்கட்டும். உழைப்பவர் உரிய கூலி பெறட்டும்.

அவ்வாறே, புதுமுறையை வெறுப்பதிலும் பயனில்லை. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் இந்த ஜில்லாவின் முந்திரி, பலாத் தோப்புகளைப் பேரளவில் சாய்த்தது. அதன் பின்னர் 7 மீட்டர் இடைவெளியில் ஒட்டுக்கன்று நட்டவர்கள், விதைக்கன்றுக்குக் காத்திருப்பதினும் விரைவில் காய்ப்புக் கண்டார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்த வி.ஆர்.ஐ. முந்திரி வகைகளும் நிலக்கடலை வகைகளும் இச்செம்மண்ணுக்கென்றே உருவானவை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகள் முழு மானியம் பெறுகின்றனர். நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற முறைப்படி, துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் தரைமட்டத்துக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்சினால் போதும் என்பதும் சோதனையில் கண்டது. இவையெல்லாம் நீரைச் சிக்கனப்படுத்தும் நல்ல கருவிகள். ஆனால் சொட்டுநீரால் மிச்சமான தண்ணீரைக் கொண்டு மேலும் இரண்டு ஏக்கர் கரும்பு நடப்படுமாயின், கருவி புதியதாயினும் கணக்குப் பழுதாகிவிடும். ஏரல் கடலை வற்றச் செய்தது இயந்திரம் அன்று. இயந்திரத்தின் பின் கணக்கில்லாமையே.

ஆதலால், ஒவ்வோர் ஏரியின் பாசனதாரரும் கைக்கொள்ளத்தக்க சில ஏற்பாடுகள் பின்வருமாறு அமையலாம்.

முதலாவது, நீர்க்கணக்கு. ஏரி மதகில் அளவுகோல் ஒன்று நாட்டி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மார்கழி இறுதியில் நீர்மட்டத்தையும், ஆயக்கட்டில் உள்ள சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சாட்சியாக இருந்தால் பின்னர் வழக்குக்கு இடமிராது.

இரண்டாவது, அக்கணக்கைப் பார்த்துப் பயிரைத் தீர்மானிப்பது. கரும்புக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டரும், நெல்லுக்கு 1,200-க்கு மேலும் நீர் வேண்டும். மல்லாட்டை என இவ்வட்டாரத்தார் வழங்கும் நிலக்கடலைக்கு 500 அளவிலும், உளுந்துக்கு 300 அளவிலும் போதும். ஏரி பாதி நிரம்பிய ஆண்டில் இரண்டாம் போக நெல்லை ஒருவர் நட்டால், அவர் அயலாரின் கடலைக்குரிய நீரையே எடுக்கிறார். கடலைக்குப் பூக்கும் காலம், விழுது இறங்கும் காலம், காய் பிடிக்கும் காலம் ஆகிய மூன்றிலும் தவறாது நீர் கிடைத்தாலே பலன் உறுதி.

மூன்றாவது, வண்டல். கோடையில் ஏரி வண்டலை எடுத்துப் புன்செய்க்கு அடிப்பது எருவும் ஆகும், தூர்வாரலும் ஆகும். வட்டாட்சியர் அனுமதியுடனேயே அதனை இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-இல் வழி எளிதாக்கப்பட்டது. ஆனால் கரையடியைத் தோண்டாமல், பரப்பு முழுவதும் சமமாக எடுப்பது அவசியம்.

நான்காவது, எல்லை. நீர்ப்பிடிப்பின் எல்லை கிராமப் புலப்படத்தில் தெளிவாக உள்ளது. அதற்குக் கல் நாட்டிக் காப்பது கிராம அதிகாரிகளின் கடமை. தம் உறவினர் வரப்பாயினும் அதனைச் சுட்டிக் காட்டுவது பெரிய நிலக்காரரின் கடமை. 100 ஏக்கருக்கு உட்பட்ட ஆயக்கட்டு ஏரிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலேயே இருப்பதால், இவ்வேலைக்குத் தலைநகர் உத்தரவை எதிர்நோக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளமும், முறை வைக்கும் அதிகாரமும், அவர் முடிவை யாவரும் ஏற்கும் மரியாதையும் அளிப்பது. பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கென 2000-இல் இயற்றிய சட்டத்தின்படி சங்கம் அமைந்த இடங்களில் இதற்குத் தடையொன்றும் இல்லை.

கெட்டது முற்றும் கெட்டதாகவே இருக்கும் என்று சோர்வடைய வேண்டியதில்லை. ஏரல் கடலின் வடபகுதியில் 2005-இல் கோக்கரால் அணை கட்டி முடிந்த பின், அங்கே நீர்மட்டம் உயர்ந்து, உப்புக் குறைந்து, மீனும் மீனவரும் திரும்பி வந்தார்கள். 16 மில்லிமீட்டர் மழையில் சோலை வளர்த்த ஊர்கள் உலகில் இருக்க, 1,200 மில்லிமீட்டர் பெறும் வட்டாரம் ஏரியைக் கைவிட்டுப் பாதாளத்தைத் துழாவுவது விவேகமாகாது. வரும் ஆடி மாதத்துக்குள் வரத்து வாய்க்காலும் மதகும் செப்பனிட்டு, ஐப்பசி மழையை ஏரியில் தேக்கும் கிராமம், அடுத்த சித்திரையில் கிணற்றை இறக்கும் செலவினின்று தப்பும்.