முயலுக்குக் கேரட் போதுமா?



முயல் படம் வரையச் சொன்னால், வகுப்பில் நாற்பது பேரும் அதன் வாயில் ஒரு கேரட்டை வைத்துவிடுவீர்கள். பாவம், முயலுக்கு வேண்டியது புல்!

பச்சைப் புல்லோ, காய்ந்த புல்லோ இரவும் பகலும் அதன் முன்னால் இருக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்து மென்றால்தான் தேயும். கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். பிஸ்கட், ரொட்டி, சோறு வேண்டவே வேண்டாம். பாசத்தில்தான் கொடுக்கிறீர்கள், தெரியும். கடையில் விற்கும் குச்சித் தீவனமும் அளவோடுதான். வளர்ந்த முயலுக்கு, 1 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம்.

முயல் இளைத்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா? ரோமம் நம்மை ஏமாற்றிவிடும். முதுகையும் விலாவையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எலும்பு கூராகக் குத்தினால் இளைத்திருக்கிறது. அழுத்தித் தேடியும் தட்டுப்படவில்லையென்றால் கொழுத்திருக்கிறது. கொழுத்த முயலால் உடம்பை வளைத்துத் தன் பின்பக்கத்தை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள்! முயலின் குடல் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். அரை நாள் எதுவும் தின்னாமல் கிடந்தால் ஆபத்து. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காமல், பெரியவர்களிடம் சொல்லி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தீனியைக் குறைப்பதென்றால் குச்சித் தீவனத்தை மட்டும், பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். புல்லில் மட்டும் கை வைக்காதீர்கள்.